பழைய பஸ்ஸுக்கு ரிவர்ஸ் லைட்டும் பின் கேமராவும்: ஒரு புது ஓட்டைகூடப் போடாமல்

வண்டி 1960-களின் லேலண்ட் சேஸி. முன்னால் எஞ்சின், மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு அடித்த பாடி, கூரைக் கேரியருக்கு ஏறப் பின்னால் ஓர் இரும்பு ஏணி. பின்பக்கம் இருப்பது இரண்டு சிவப்பு விளக்கும் நம்பர் பிளேட் விளக்கும்தான். அன்றைக்கு ரிவர்ஸ் லைட்டின் வேலையைக் கிளீனர் பார்த்தார். இறங்கிப் போய்த் தகட்டில் தட்டி "வரலாம், வரலாம்" என்பார். பெங்களூரில் "பர்லி, பர்லி". "ஹோல்டான்" என்றால் பிரேக். இன்றைய பெங்களூர்ச் சந்தில் பின்னால் எடுக்கும் பஸ்ஸுக்கும் சுவருக்கும் நடுவில் ஸ்கூட்டர் நுழைந்துவிடுகிறது. கிளீனர் இருந்தாலும் ரிவர்ஸ் லைட், பின் கேமரா இரண்டும் தேவை.

கேமராவை மாட்டுவது அரை நாள் வேலை. அதற்கு நல்ல மின்சாரம் கொடுப்பதும், ரிவர்ஸ் கியர் விழுந்ததைத் தெரிந்துகொள்வதும்தான் மீதி மூன்று நாளைத் தின்னும். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. 2021-இல் வந்த விண்டேஜ் வாகன விதிகள், விண்டேஜ் என்று பதியும் 50 ஆண்டு தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கரச் சொந்த வண்டிகளின் சேஸி, பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது என்கின்றன. விதியை விட்டுவிட்டாலும், பழைய அலுமினியத் தகட்டில் போட்ட ஓட்டை போட்டதுதான். அதனால் இருக்கிற போல்ட், இருக்கிற துளை, கிளாம்ப் என்று மட்டுமே இந்த வேலை நடந்தது.

முதலில் மீட்டர், பிறகுதான் கடை

பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கடைகளுக்குக் கிளம்பும் முன் மாஸ்டர் சுவிட்சைப் போட்டுவிட்டு மல்டிமீட்டரில் மூன்று அளவு எடுக்க வேண்டும்.

எஞ்சின் நிற்கும்போது பேட்டரியில் 25 வோல்ட் பக்கம் காட்டினால் 24 வோல்ட் வண்டி, அதாவது இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராக. 12.5 பக்கம் என்றால் 12 வோல்ட் வண்டி. அடுத்து, சேஸியில் பெயின்டைச் சுரண்டி ஒரு முனையை வைத்து, மறுமுனையைப் பேட்டரியின் நெகட்டிவில் வைக்க வேண்டும். பூஜ்ஜியம் வந்தால் நெகட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் நெகட்டிவ் சேஸியோடு சேர்ந்த வண்டி. பாசிட்டிவில் வைக்கும்போது பூஜ்ஜியம் வந்தால் பாசிட்டிவ் எர்த்; பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகளில் இதைப் பார்க்கலாம். இரண்டிலும் பூஜ்ஜியம் வராமல் எண் அலைந்தால் சேஸி எர்த்தே இல்லை, போக ஒன்று வர ஒன்று என்று இரட்டை வயர் போட்ட வண்டி. மூன்றாவது, எஞ்சினைச் சற்று உயர்த்திப் பிடித்துச் சார்ஜிங் வோல்டேஜ். 27 முதல் 28.5 வரை இருந்தால் சரி. 30-ஐத் தாண்டினால் கட்டவுட்டை (டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி) சரி செய்யாமல் எந்த எலெக்ட்ரானிக் பொருளையும் இந்த வண்டியில் மாட்டக் கூடாது.

எர்த் எந்தப் பக்கம் என்பதில் இவ்வளவு கறார் எதற்கு? கேமராவின் உலோக உடலும் வீடியோ கேபிளின் வெளிச் சல்லடையும் பெரும்பாலும் நெகட்டிவோடு சேர்ந்தே இருக்கும். பாசிட்டிவ் எர்த் வண்டியில் அந்தக் கேமராவை ஏணியில் முடுக்கினால், பேட்டரியின் இரு முனையையும் கேபிள் வழியாகச் சேர்த்துக் கட்டியதாகிவிடும். ஃபியூஸ் இருந்தால் போகும், இல்லாவிட்டால் கேபிள் புகையும். அப்படிப்பட்ட வண்டிக்கு உள்ளீடும் வெளியீடும் ஒன்றையொன்று தொடாத ஐசொலேட்டட் டிசி-டிசி கன்வர்ட்டர் வேண்டும். கடையில் சும்மா "கன்வர்ட்டர்" என்று கேட்டால் கிடைக்கும் பக் கன்வர்ட்டர் இதற்கு ஆகாது. அதில் நெகட்டிவ் நேரே ஊடுருவிப் போகிறது. மானிட்டர், கேமரா, டிரிகர் (ரிவர்ஸ் விழுந்ததை மானிட்டருக்குச் சொல்லும் வயர்) மூன்றுக்கும் சப்ளை அந்த ஐசொலேட்டட் வெளியீட்டிலிருந்தே வர வேண்டும்.

இந்த வண்டி 24 வோல்ட், நெகட்டிவ் எர்த். கீழே வரும் அளவுகள் எல்லாம் அதற்கானவை.

ஒரு குறுக்கு வழியை இங்கேயே அடைத்துவிடுவது நல்லது. 24 வோல்ட் வண்டிக்கு 12 வோல்ட் கேமரா வாங்கிவிட்டு, "ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் எடுத்துக்கலாம் சார்" என்பது ரோட்டோர வயரிங் ஆட்களின் பழைய வித்தை. வேலை செய்யும், சில மாதம். டைனமோ இரண்டு பேட்டரியையும் சேர்த்துத்தான் சார்ஜ் செய்கிறது. ஒன்றிலிருந்து மட்டும் உறிஞ்சினால் அது எப்போதும் அரைப்பட்டினி, மற்றது கொதித்துத் தண்ணீர் வற்றும். கடைசியில் ஜோடியாக இரண்டையும் மாற்ற வேண்டி வரும். 9 முதல் 36 வோல்ட் வரை தாங்கும் மானிட்டர் தாராளமாகக் கிடைக்கிறது. அதை வாங்கினால் இந்தப் பேச்சே இல்லை.

வாங்கியவை: ரோலர் நெம்புகோல் வைத்த, தூசியும் நீரும் புகாத ஐபி67 மைக்ரோ சுவிட்ச் 2, ஐந்து கால் 24 வோல்ட் ரிலே சாக்கெட்டோடு 1, 1என்4007 டயோடு 1, 36 வோல்ட் டிவிஎஸ் டயோடு 1, மூடி போட்ட பிளேடு ஃபியூஸ் ஹோல்டர் 2, ஃபியூஸ் 5 ஆம்பியரும் 2 ஆம்பியரும். வயர் 2.5 சதுர மி.மீ. இரண்டு நிறத்தில் தலா 14 மீட்டர், 1 சதுர மி.மீ. 6 மீட்டர். கறுப்பு நெளிகுழாய் 15 மீட்டர், ரப்பர் வைத்த பி-கிளிப் 40. 24 வோல்ட் 21 வாட் ஒற்றை இழை பல்பு 4, அதில் இரண்டு ஸ்பேர். 7 அங்குல ஏஹெச்டி (உயர்தெளிவு வீடியோ வகை) மானிட்டர், அதே வகை கேமரா, நான்கு பின் ஏவியேஷன் கேபிள் 15 மீட்டர். எலெக்ட்ரானிக் பொருள்கள் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும், விளக்கு, பல்பு, கிளிப் எல்லாம் ஜே.சி. ரோட்டில். பிராக்கெட்டைப் பீன்யா தொழிற்பேட்டையில் 3 மி.மீ. இரும்புத் தகட்டில் வெட்டி வளைத்து வாங்கலாம். அட்டையில் மாதிரி வெட்டி வண்டியில் பொருத்திப் பார்த்துவிட்டு அதையே கொண்டுபோனால் ஒரு அலைச்சல் மிச்சம்.

ரிவர்ஸ் விழுந்ததை யார் சொல்வது?

இந்த வேலையின் உயிர் இதுதான். புது வண்டியில் கியர்பாக்ஸிலேயே சுவிட்ச் இருக்கும். பழைய பெட்டியில் இல்லை. மேல் மூடியில் திருகி அடைத்த பிளக் ஒன்றைப் பார்த்ததும் "சுவிட்சுக்கான இடம்" என்று தோன்றும். அவசரப்படக் கூடாது. அது, விழுந்த கியரை அதன் இடத்தில் நிறுத்திவைக்கும் டிடென்ட் ஸ்பிரிங்கையும் குண்டையும் அமுக்கிப் பிடிக்கும் பிளக்காக இருக்கலாம். அதைக் கழற்றிச் சுவிட்சைத் திருகினால் ஸ்பிரிங்கின் அழுத்தம் மாறி, ஓடும்போது கியர் வெளியே குதிக்கும். பெட்டியின் படம் கையில் இல்லாமல் அந்தப் பிளக்கில் ஸ்பேனர் வைக்க வேண்டாம்.

டேஷ்போர்டில் ஒரு டாகிள் சுவிட்ச் வைத்து டிரைவர் கையால் போட்டுக்கொள்வது சுலபம்தான். ஆனால் அணைக்க மறப்பார்கள். பின்னால் வருபவரின் கண்ணில் வெள்ளை வெளிச்சம் அடித்தபடி வண்டி ஓசூர் ரோட்டில் போகும். வண்டி விளக்குகளுக்கான ஐ.நா. ஒழுங்குமுறை 48-ம் ரிவர்ஸ் கியர் விழுந்து, சாவியும் ஆனில் இருந்தால் மட்டுமே இந்த விளக்கு எரியலாம் என்கிறது.

எஞ்சிய வழி, கியர் கம்பியிலிருந்து பெட்டிவரை போகும் இணைப்புக் கம்பியில் மைக்ரோ சுவிட்ச். இந்தக் கம்பிக்கு இரண்டு அசைவு: கேட் (லிவரை இடவலமாகத் தள்ளித் தேரும் கியர் வரிசை) மாறும்போது சுழலும், கியர் விழும்போது முன்பின்னாக நகரும். முன்பின் அசைவில் மட்டும் சுவிட்ச் வைத்தால், ரிவர்ஸ் இருக்கும் அதே திசையில் விழும் மற்ற கியருக்கும் விளக்கு எரியும். கேட் அசைவில் மட்டும் வைத்தால், நியூட்ரலில் லிவரைச் சும்மா ஓரம் தள்ளினாலே எரியும். இரண்டு சுவிட்சையும் தொடராகப் போட வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் அழுந்தும் ஒரே இடம் ரிவர்ஸ்.

சுவிட்சைத் தாங்கும் தகட்டை அருகிலுள்ள அசையாத குழாயில் ஹோஸ் கிளாம்ப் போட்டுப் பிடிக்கலாம். கவனிக்க வேண்டியது இரண்டு. கம்பி முழுதும் நகர்ந்த பிறகும் சுவிட்சின் நெம்புகோலில் 2 மி.மீ. பயணம் மீதி இருக்க வேண்டும். கியர் கம்பி நிற்கும் இடமாகச் சுவிட்சை ஆக்கினால் அது ஒரு வாரம்கூடத் தாங்காது. அடுத்து, பழைய இணைப்பில் புஷ் தேய்ந்து 5, 6 மி.மீ. ஆட்டம் இருக்கும். எஞ்சின் நிற்கும்போது அழகாக அட்ஜஸ்ட் செய்த சுவிட்ச், எஞ்சின் ஓடியதும் ரிவர்ஸில் விட்டுவிட்டுத் துடிக்கும். எஞ்சினை ஓடவிட்டு, கிளட்சை மிதித்து ரிவர்ஸில் போட்டு, லிவரைக் கையால் ஆட்டத்தின் இரு எல்லைக்கும் இழுத்துப் பார்த்துத்தான் இறுக்க வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் யாரும் இதைச் செய்யக் கூடாது.

மைக்ரோ சுவிட்ச் விளக்கின் கரன்ட்டைச் சுமக்க வேண்டாம். அது ரிலேயின் காயிலை மட்டும் இயக்கட்டும், நூறு மில்லி ஆம்பியர்கூட வராது. காயிலின் 85, 86 கால்களுக்குக் குறுக்கே டயோடு, வெள்ளைக் கோடு பாசிட்டிவ் பக்கம். இது இல்லாவிட்டால் ரிலே விடும் ஒவ்வொரு முறையும் சுவிட்ச் முனையில் தீப்பொறி. ரிலேயின் 30-க்கு 5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாகச் சப்ளை, 87-இலிருந்து ஒரு வயர் பின்னால் விளக்குக்கு, ஒரு வயர் மானிட்டரின் டிரிகருக்கு.

சப்ளையை எங்கிருந்து எடுப்பது? சாவி போட்ட பிறகு உயிர் வரும் முனையிலிருந்து மட்டும். ஹேண்ட் பிரேக் சரியில்லாத பழைய வண்டியை மேட்டில் நிறுத்தும்போது ரிவர்ஸில் போட்டுவிட்டு இறங்குவது வழக்கம். நேராகப் பேட்டரியிலிருந்து எடுத்திருந்தால் இரண்டு பல்பும் ராத்திரி முழுக்க எரியும்: 1.75 ஆம்பியர், பத்து மணி நேரம், 17.5 ஆம்பியர்-அவர். அரைகுறைப் பேட்டரியில் காலையில் ஸ்டார்ட்டர் "டக்" என்று மட்டும் சொல்லும்.

விளக்கு

6 மீட்டருக்கு மேல் நீளமுள்ள பஸ்ஸுக்கு ஒழுங்குமுறை 48 கேட்பது இரண்டு வெள்ளை விளக்கு, தரையிலிருந்து 250 மி.மீ.க்குக் குறையாமல், 1200 மி.மீ.க்கு மிகாமல். சேஸியின் பின்முனையில் பம்பரைப் பிடிக்கும் போல்ட்கள் இந்த உயரத்துக்குள்தான் வருகின்றன. அதே போல்ட்டைச் சற்று நீளமானதாக மாற்றி, பம்பருக்கு உள்பக்கமாக எல் வடிவப் பிராக்கெட். டிராக்டரில் பின்னால் மாட்டும் வட்டக் கண்ணாடி விளக்கு இந்த வண்டிக்கு உறுத்தாமல் பொருந்துகிறது. சதுர எல்ஈடி பார் மாட்டினால் பழைய வேட்டி சட்டைக்கு ஸ்போர்ட்ஸ் ஷூ போட்ட மாதிரி.

தோற்றம் மட்டும் காரணமல்ல. மலிவான எல்ஈடி விளக்குக்குள் இருக்கும் சின்ன கன்வர்ட்டர், கேமராப் படத்தில் கோடு கோடாக ஓடவைக்கும். இழை பல்பு துடிக்காது. 21 வாட் பல்பு ஒன்று ஏறத்தாழ 460 லூமென். இரண்டும் சேர்ந்து பின்னாலுள்ள ஐந்தாறு மீட்டருக்குப் போதும். விளக்கை 10 முதல் 15 டிகிரி கீழே சாய்த்தால் வெளிச்சம் தேவையான தரையில் விழும்.

வயர் பருமன் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். முன்னிருந்து பின்வரை 12 மீட்டர், எர்த் வயரும் சேர்த்து 24 மீட்டர். 1 சதுர மி.மீ. வயரில் அதன் தடை அரை ஓம் பக்கம், இழப்பு 0.8 வோல்ட். 2.5 சதுர மி.மீ.யில் 0.3 வோல்ட்தான். 24 வோல்ட் வண்டியில் இந்த வித்தியாசம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. 12 வோல்ட் வண்டியில் கதை வேறு: அதே பல்புகள் 3.5 ஆம்பியர் இழுக்கும், மெல்லிய வயரில் 1.6 வோல்ட் போய்விடும், வெளிச்சம் ஏறத்தாழ 40 சதவீதம் குறையும். போதாததற்கு, பின்னால் எடுக்கும்போது எஞ்சின் ஐடிலில் இருக்கும். டைனமோ ஐடிலில் சார்ஜ் கொடுக்காது. பேட்டரி தருவதுதான் விளக்குக்கு.

எர்த் வயரைத் தனியாக முன்னிருந்தே இழுப்பது அதிகப்படியாகத் தோன்றலாம். மரச்சட்டத்தில் அடித்த அலுமினியத் தகடு எர்த் ஆகாது. ஆணிக்கு ஆணி ஆக்சைடு பூத்திருக்கும், இன்று தொடும், நாளை தொடாது. பவுடர் கோட்டிங் போட்ட பிராக்கெட்டும் அப்படியே. பழைய டெயில் லைட்டின் எர்த்தில் இதையும் சேர்த்துவிட்டால் வரும் வேடிக்கையான கோளாறு ஒன்று உண்டு: பிரேக் மிதித்தால் ரிவர்ஸ் லைட் மங்கலாக மினுக்கும். எர்த் பிடிக்காத இடத்தில் பிரேக் விளக்கின் கரன்ட், பக்கத்து பல்பின் இழை வழியாக வேறு பாதை தேடிப் போவதால் வருவது அது. ரிலேயையும் சுவிட்சையும் நாள் முழுக்கச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார்கள். குற்றவாளி, வயர் முனையில் இருக்கும் ஒரு துருப்பிடித்த லக்.

பழைய வயரிங்கைத் தொடவே வேண்டாம் என்பது இன்னொரு பிடிவாதம். ரப்பர் இன்சுலேஷனும் மேலே நூல் பின்னலும் உள்ள அந்த வயர் இருந்த இடத்தில் அசையாமல் இருக்கும்வரை சரி. வளைத்தால் உள்ளே ரப்பர் பொடிப்பொடியாக உதிரும். அதில் கடித்துப் பிடிக்கும் கனெக்டர் போட்டால் இன்றைக்கு விளக்கு எரியும், மழைக்காலத்தில் ஷார்ட். புது வயர் புதுப் பாதையில், நெளிகுழாய்க்குள், 30 செ.மீ.க்கு ஒரு பி-கிளிப், சைலன்ஸர் குழாயிலிருந்து குறைந்தது 15 செ.மீ. தள்ளி. கிளிப்பைப் பிடிக்க சேஸியில் ஏற்கெனவே இருக்கும் துளைகளும் குறுக்குச் சட்டப் போல்ட்களும் போதும்.

கேமரா

பின் கண்ணாடிக்கு உள்ளே வைக்கலாமா என்ற யோசனை வரும். பகலில் கண்ணாடியில் சீட் பிரதிபலிக்கும். இரவில் கேமராவின் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்குகள் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, படம் முழுக்கப் பால் ஊற்றியது போலாகும். வெளியேதான் வைக்க வேண்டும். ஐஆர் இல்லாத கேமரா போதும்; ரிவர்ஸ் லைட் இருக்கிறதே.

கேமராவுக்கு ஏணியின் மேல் குறுக்குக் கம்பிதான் இடம். யு-போல்ட்டும் 3 மி.மீ. ரப்பர் பட்டையும் வைத்து இறுக்கினால் ஓட்டை வேண்டியதில்லை. ரப்பரை மறந்தால் ஏணியின் அதிர்வு அப்படியே படத்துக்கு வரும்.

சாய்வு எவ்வளவு? லென்ஸ் தரையிலிருந்து 2.5 மீட்டர், அதன் செங்குத்துப் பார்வை 75 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். கிடைமட்டத்திலிருந்து 50 டிகிரி கீழே சாய்த்தால், படத்தின் அடி விளிம்பில் கேமராவுக்கு நேர் கீழிருந்து 11 செ.மீ. தள்ளிய தரையும், மேல் விளிம்பில் 11 மீட்டர் தூரத் தரையும் வரும். பம்பரின் விளிம்பு படத்தில் ஒரு கீற்றாவது தெரிய வேண்டும். அது தெரியாவிட்டால் திரையில் பார்க்கும் தூரத்தை எதோடு ஒப்பிடுவது?

ஏணி வண்டியின் ஓரத்தில் இருப்பதால் கேமராவும் நடுவிலிருந்து முக்கால் மீட்டர் தள்ளித்தான் நிற்கும். மானிட்டரில் வரும் பச்சை மஞ்சள் சிவப்புக் கோடுகள் நடுவில் மாட்டிய காருக்காகப் போட்டவை. இங்கே அவை பொய் சொல்லும். மெனுவில் அணைத்துவிடுவது அல்லது அதற்கான வயர் வளையத்தை வெட்டிவிடுவது நல்லது. பதிலுக்கு, வண்டியின் இரு பக்க விளிம்புக்கும் நேராகத் தரையில் கயிறு இழுத்து, பம்பரிலிருந்து 1, 2, 4 மீட்டரில் செங்கல் வைத்து, டிரைவர் சீட்டிலிருந்து பார்த்துத் திரையின் ஓரத்தில் மெல்லிய டேப் துண்டுகளை ஒட்ட வேண்டும். இந்த அளவுகோல் எந்தத் தொழிற்சாலைக் கோட்டையும் விட நம்பகமானது. படம் கண்ணாடியில் பார்ப்பது போல் இடவலம் மாறி வருகிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். வலது செங்கல் திரையில் வலது பக்கம் இருக்க வேண்டும்.

கேபிளைக் கூரை உள்தகட்டுக்கு மேலே ஒளித்துக் கொண்டுபோக ஆசை வரும். நான்கு பின் கனெக்டரின் தலை பழைய துளைகளில் நுழையாது. துளையைப் பெரிதாக்கக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்தாயிற்று. ஏணியின் கால் வழியாக இறங்கி, சேஸிக்கு அடியில், விளக்கு வயரின் எதிர்ப் பக்கச் சட்டத்தில் முன்னால் கொண்டுபோவதே வழி. டைனமோ வயரிலிருந்து 20 செ.மீ.யாவது தள்ளி இருக்கட்டும். குறுக்கே கடக்க வேண்டுமானால் செங்குத்தாகக் கடக்கட்டும். ஏணியிலிருந்து இறங்கும் இடத்தில் கேபிள் கனெக்டரை விடத் தாழ்வாக ஒரு வளைவு போட்டுத் திரும்ப வேண்டும். மழைநீர் அந்த வளைவிலிருந்து சொட்டிவிடும், கனெக்டருக்குள் ஏறாது.

கனெக்டர் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும், எந்தப் பின்னில் சப்ளை, எதில் வீடியோ என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். கேமரா ஒரு கடை, மானிட்டர் ஒரு கடை என்று வாங்கினால், மானிட்டருக்கு மட்டும் சப்ளை கொடுத்து, கேபிளின் மறுமுனையில் எந்தப் பின்னில் வோல்டேஜ் வருகிறது, எவ்வளவு என்று அளக்காமல் கேமராவைச் செருகக் கூடாது. வீடியோ பின்னில் 12 வோல்ட் போனால் கேமரா அன்றோடு சரி. பின் சரியாக இருந்தும் திரை நீலமாகவே நின்றாலோ படம் உருண்டாலோ, ஒன்று ஏஹெச்டியும் மற்றது பழைய அனலாகும் ஆக இருக்கும், அல்லது ஒன்று 720-இலும் மற்றது 1080-இலும். மானிட்டர் மெனுவில் மாற்றிப் பார்த்தால் தெரியும்.

மானிட்டர் சப்ளை 2 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக. ஃபியூஸுக்குப் பிறகு பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் குறுக்கே 36 வோல்ட் டிவிஎஸ் டயோடு. கட்டவுட்டின் பாயின்ட் ஒட்டி விலகும்போது எழும் வோல்டேஜ் உதைகளை அது வாங்கிக்கொள்ளும். சப்ளை சாவியிலிருந்து நிரந்தரமாகவும், டிரிகர் ரிலேயின் 87-இலிருந்தும் வர வேண்டும். இரண்டையும் ரிவர்ஸோடு சேர்த்துக் கட்டினால், மானிட்டர் விழித்துப் படம் காட்ட இரண்டு மூன்று விநாடி ஆகும். அதற்குள் வண்டி ஒரு மீட்டர் நகர்ந்திருக்கும்.

மானிட்டரை உள்கண்ணாடி மாட்டும் கம்பியில் கிளாம்ப் போட்டுத் தொங்கவிட்டாயிற்று. காலை வெயில் நேரே திரையில் அடிக்கும்போது படம் வெளுத்துவிடுகிறது. கறுப்புத் தகட்டில் 6 செ.மீ. கூடாரம் ஒன்று வைத்ததில் பாதி குறைந்தது, முழுதும் போகவில்லை.

வயர் நிறம், ஃபியூஸ் அளவு, சுவிட்ச் இருக்கும் இடம் மூன்றையும் வரைந்து பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. கண்காட்சிக்குப் போகும்போது பம்பரில் நான்கு நட்டு, ஏணியில் இரண்டு, மானிட்டர் கிளாம்ப் ஒன்று. இருபது நிமிடத்தில் வண்டி பழையபடி. ஆனால் கேமராவைக் கழற்றியபின் ஏணியில் தொங்கும் கனெக்டருக்கு ரப்பர் மூடி போட மறந்தால், அடுத்த மழைக்குப் பிறகு நான்கு பின்னும் பச்சை பூத்திருக்கும்.